பூனைக்குத் தாவரப் பொருள் பொம்மைகள்: பார்த்து வாங்குவதும் பார்த்துக்கொள்வதும்

பூனைக்கான பொம்மையின் உறையில் ‘இயற்கையானது’ என்று அச்சிட்டிருந்தால், பிளாஸ்டிக் பொம்மையைவிட அது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கிவிடுகிறோம். அந்த நம்பிக்கையில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. பருத்தி, சணல், பிரம்பு, பீர்க்கங்கூடு போன்றவை பூனையின் நகத்துக்கும் பல்லுக்கும் இதமாகப் பிடி கொடுக்கின்றன. மணத்தை உள்வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஆனால் அரளிக் குச்சியும் இயற்கையானதுதான், குன்றிமணியும் இயற்கையானதுதான். உறையில் இருக்கும் அந்தச் சொல், பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது; அது பூனையின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. குழந்தைகளின் பொம்மைகளுக்கு இருப்பதுபோன்ற கட்டாயப் பாதுகாப்புத் தரம் செல்லப்பிராணிகளின் பொம்மைகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆகையால் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவரிடமே வந்து சேர்கிறது.

சோதிப்பதற்கு நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான். கையில் எடுத்த பொம்மையை அதன் முழு உருவில் பார்க்காதீர்கள். பூனை அதைக் கடித்துக் குதறிய பிறகு என்னென்ன துண்டுகள் தரையில் கிடக்கும், அவற்றில் எவை தொண்டைக்குள் போகும் என்று நினைத்துப் பாருங்கள். பூனையின் நாக்கில் உள்ள சிறு முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பவை. நாக்கில் ஒட்டிய நாரை நாம் துப்பிவிடுவதுபோல் பூனையால் எளிதில் துப்ப முடியாது. அது நாக்கை அசைக்க அசைக்க நார் உள்ளேதான் போகும். பொம்மையைக் கடிக்கவே விரும்பாத பூனைகூட, விளையாடி முடித்ததும் தன் பாதங்களை நக்கிச் சுத்தம் செய்யும்போது, பொம்மையிலிருந்து பாதத்தில் ஒட்டிய சாயத்தையும் தூசியையும் விழுங்கிவிடுகிறது.

நூலும் நாரும்

எல்லா ஆபத்துகளிலும் முதலில் வைத்துப் பேச வேண்டியது நூல்தான். பருத்தி நூலாக இருந்தாலும் சணல் கயிறாக இருந்தாலும், நீளமான எதையும் பூனை விழுங்கினால் விளைவு ஒன்றுதான். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை குடலோடு சேரும் இடத்திலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் இயல்பான அசைவால் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போகும். இறுகிய நூலின்மேல் குடல், வாய்க்கயிற்றை இழுத்த சுருக்குப்பை போல மடிந்து மடிந்து சுருங்கும். நூல் அழுந்தும் இடங்களில் குடற்சுவர் அறுபட்டு ஓட்டை விழும். உடனடியாக அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்தான நிலை இது. பூனையின் வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்குவதைக் கண்டால், எவ்வளவு எளிதாக வந்துவிடும்போல் தோன்றினாலும் அதை இழுக்கக் கூடாது. மறுமுனை எங்கே சிக்கியிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அப்படியே விட்டுவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இதனால் நூலே கூடாது என்பதில்லை. குச்சியின் முனையில் கயிறு கட்டி ஆட்டும் பொம்மையைப்போல் பூனையின் வேட்டைக் குணத்துக்குத் தீனி போடுவது வேறொன்றும் இல்லை. பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கடிப்பது ஆகிய நான்கும் அதில் நடக்கின்றன. ஆனால் அதன் மறுமுனை எப்போதும் மனிதர் கையில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பொம்மை மூடிய அலமாரிக்குள் போக வேண்டும். பூனையிடம் தனியாக விட்டுவைக்கும் பொம்மையில், தொங்கும் நூலும் வாலும் குஞ்சமும் இல்லாமல் இருப்பதே நல்லது. கடையில் வாங்கிய துணி எலிக்கு நீண்ட கயிற்று வால் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் அதை அடியோடு வெட்டிவிடலாம். வால் இல்லாத எலியைப் பூனை குறைவாக நேசிப்பதில்லை.

அளவும் இதோடு சேர்ந்ததே. பூனை தன் வாய்க்குள் முழுதாக அடக்கிக்கொள்ளக் கூடிய எதுவும் பொம்மையாகாது. மேசைப் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். உருண்டைப் பொம்மைகள் அதைவிடச் சிறியதாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒட்டுப்போட்ட கண், மூக்கு, மணி, மணிச்சரம் எல்லாம் முதல் வாரத்திலேயே கழன்றுவிடக் கூடியவை. முகம் வேண்டுமென்றால் தையலால் போட்ட முகம் போதும்.

வாங்கும்போது கையாலேயே செய்யும் சோதனைகள்

முதலில் முகர்ந்து பாருங்கள். சணல் பொருள்களில் இது மிக முக்கியம். ஆலையில் சணல் நாரை நூற்பதற்கு முன் அதை இளக்குவதற்காக எண்ணெய் தெளிப்பது வழக்கம். பெரும்பாலும் அது கனிம எண்ணெய். புதிய சணல் கயிற்றிலும் கோணியிலும் மண்ணெண்ணெய் போன்ற வாடை வீசுவதற்குக் காரணம் அதுதான். உணவு தானியங்களை வைக்கும் சணல் பைகளுக்குத் தாவர எண்ணெயைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அத்தகைய சணலில் இந்த வாடை இருக்காது. வாடை வீசும் சணலை எவ்வளவு அழகாக முடைந்திருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். நம் மூக்கில் இலேசாகப் படுவது, நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மோப்பம் உள்ள பிராணிக்கு நெடியாக இருக்கும் என்பதோடு, அந்த எண்ணெய் ரோமத்தில் ஒட்டி வயிற்றுக்கும் போகும். சைசல் என்னும் கற்றாழை நார்க் கயிற்றிலும் எண்ணெய் பூசியது, பூசாதது என இரண்டு வகை உண்டு. நகம் கீறும் தூணுக்குக் கயிறு வாங்குபவர்கள் எண்ணெய் பூசாததைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, பொம்மையின் நிறமுள்ள பகுதியில் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால், பூனையின் ஈரமான நாக்கிலும் ஏறும். மூலிகைச் சாயம் என்று உறையில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அந்தச் சாயம் துணியில் நிற்பதற்காகச் சேர்த்த உலோக உப்புகளைப் பற்றி உறை பேசாது. குழந்தைகளின் பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரமாகிய இ.என். 71-இன் மூன்றாம் பகுதி, பொம்மையிலிருந்து ஈயம், காட்மியம் முதலியவை எவ்வளவு வெளியேறலாம் என்பதற்கு எல்லை விதிக்கிறது. பூனைப் பொம்மைக்கு அந்தச் சோதனையைத் தாமாக முன்வந்து செய்திருக்கும் தயாரிப்பாளர்கள் கூடுதல் நம்பிக்கைக்கு உரியவர்கள். அது இல்லையென்றால், சாயமே இல்லாத பழுப்புத் துணியைத் தேர்ந்தெடுப்பதில் பூனைக்கு எந்த இழப்பும் இல்லை. மனிதக் கண் காணும் சிவப்பு அதன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அந்த நிறமெல்லாம் நமக்காகவே பூசப்படுகிறது.

பிறகு, தையலின் இருபுறமும் பிடித்து வலுவாக இழுங்கள். இழுக்கும்போது தையலின் இடைவெளியில் உள்ளிருக்கும் பஞ்சு தெரிந்தால் அந்தப் பொம்மை நீடிக்காது. மரம், மூங்கில், பிரம்பு ஆகியவற்றின்மேல் விரலை இரு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். நம் விரலில் சிலாம்பு ஏறும் இடம், பூனையின் பல் ஈறுகளிலும் ஏறும் இடமாகும்.

எந்தப் பொருள் எதற்கு உதவும்

நெருக்கமாக நெய்த கெட்டியான பருத்தித் துணிதான் எல்லாவற்றிலும் நம்பத்தக்கது. துவைக்கலாம், காய வைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம். உள்ளே அடைப்பதற்குப் பருத்திப் பஞ்சோ துணி நறுக்குகளோ போதும். இலவம்பஞ்சு மென்மையானது என்றாலும் அதன் இழைகள் மிக நுண்மையாகப் பறப்பவை. துணியின் நெசவு சற்றுத் தளர்ந்தாலும் வெளியே கசிந்து மூக்கில் ஏறும். எருக்கம்பஞ்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். எருக்கஞ்செடியின் பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுகள் இருப்பதால், அந்தச் செடியின் எந்தப் பகுதியையும் கடிபடும் பொருளுக்குள் வைக்காமல் இருப்பதே முறை.

பீர்க்கங்கூட்டுக்கு என் கணிப்பில் தனி இடம் உண்டு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் உள்ளிருக்கும் அந்த வலைநார், கடிக்கும்போது அமுங்கிப் பிறகு மீள்வதால் பல்லுக்கு இதமாக இருக்கிறது. நீளவாக்கில் விடப்பட்ட பெரிய துண்டாக இருக்க வேண்டும். மோதிரம்போல் மெல்லியதாக நறுக்கிக் கோத்தவை சீக்கிரம் நார்நாராகப் பிரிந்துவிடும். அழுத்தித் தட்டையாக்கி வண்ணம் தோய்த்து விற்கப்படுபவை நீர் பட்டால் உப்பிப் பருக்கும். விழுங்கிய துண்டு வயிற்றிலும் அப்படியே உப்பக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

கற்றாழை நாரும் தேங்காய் நாரும் நகத்துக்கானவை, வாய்க்கானவை அல்ல. கீறும் தூணிலும் பாயிலும் அவை சிறப்பாக உழைக்கும். தேங்காய் நார் முறுக்கேறிய நிலையிலும் குட்டையான, விறைத்த துண்டுகளாக உடைவதால், அதை உருண்டையாகச் சுற்றிக் கடிக்கக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காய்ந்த மக்காச்சோள மடல் வேறு ரகம். பூனையின் செவி 60 கிலோஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட ஒலியைக் கேட்கும். மனிதச் செவிக்கு எல்லை 20. மடல் சரசரக்கும்போது நமக்குக் கேட்காத மேல்ஸ்தாயி ஒலிகளும் அதில் இருப்பதால், சுவருக்குள் எலி ஓடும் ஓசைக்கு இணையாக அது பூனையை எழுப்பிவிடுகிறது. மடலை வெளியே தெரியும்படி கட்டாமல் துணிக்குள் வைத்துத் தைத்தால் ஓசையும் கிடைக்கும், ஆபத்தும் குறையும். மரப் பொம்மையானால் மெருகும் வண்ணமும் பூசாத, ஒட்டுப் பலகை அல்லாத கெட்டி மரமாக இருக்கட்டும்.

கிலுகிலுப்பைப் பொம்மைகளில் மட்டும் சற்று நின்று விசாரியுங்கள். ஓசைக்காக உள்ளே விதைகளைப் போடுவது உண்டு. குன்றிமணியில் அப்ரினும் ஆமணக்கு விதையில் ரைசினும் இருக்கின்றன. ஓடு உடைந்த ஒரு விதைகூடக் கொடிய நஞ்சாகலாம். உள்ளே என்ன விதை என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்க வேண்டாம். தானியம் அடைத்தவற்றில் இந்த நஞ்சு இல்லை என்றாலும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

மணத்தால் இழுக்கும் செடிகள்

தாவரப் பொம்மை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கேட்னிப். புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் இலையில் உள்ள நெப்பெட்டாலாக்டோன் என்னும் பொருள் மூக்கின் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் இலையைத் தின்ன வைக்க வேண்டிய அவசியம் இல்லை. துணிக்குள் வைத்துத் தைத்தாலே போதும். முகர்ந்த பூனை கன்னத்தைத் தேய்க்கும், உருளும், எச்சில் வடிக்கும், பின்னங்கால்களால் உதைக்கும். 5 முதல் 15 நிமிடங்களில் அது அடங்கிவிடும். பிறகு கொஞ்ச நேரத்துக்கு அதே மணத்தை மூக்கருகில் பிடித்தாலும் திரும்பிப் பார்க்காது. இது பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. ஆனால் இலையை நிறையத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். சில மாதக் குட்டிகளிடம் பொதுவாக எந்த விளைவும் தெரியாது. வளர்ந்த பூனைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கண்டுகொள்வதே இல்லை. இது பிறவிக் குணம்; பூனையின் குறையும் அல்ல, பொம்மையின் குறையும் அல்ல.

அப்படிப்பட்ட பூனைக்கு வேறு செடிகள் உண்டு. 2017-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 100 பூனைகளுக்கு நான்கு தாவரங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜப்பானில் மடடாபி என்று வழங்கும் சில்வர் வைன் என்னும் கொடிக்கு ஏறத்தாழ 80 சதவீதப் பூனைகள் மயங்கின. கேட்னிப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. வலேரியன் என்னும் செடியின் வேருக்கும் டாட்டாரியன் ஹனிசக்கிள் என்னும் புதரின் மரக்கட்டைக்கும் ஏறத்தாழப் பாதி. கேட்னிப்பைப் பொருட்படுத்தாத பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, சில்வர் வைனுக்கு மசிந்தன. சில்வர் வைனில் இருப்பது நெப்பெட்டலாக்டால். ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாக்கியின் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதை முகர்ந்த பூனையின் இரத்தத்தில், இன்ப உணர்வு தரும் எண்டார்ஃபின் கூடுகிறது. அந்தப் பொருள் ரோமத்தில் ஏறிய பூனையின்மேல் கொசுக்கள் குறைவாகவே வந்து உட்காருகின்றன. உருண்டு புரள்வதற்குப் பின்னால் இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சில்வர் வைன் குச்சியாகவும் கிடைக்கிறது. விரல் தடிமனுக்குக் குறையாத, பட்டை உரியாத குச்சியைத் தேர்ந்தெடுங்கள். கடித்துக் கடித்து முனை தூரிகைபோல் சிதறியதும் அந்த முனையை நறுக்கிவிடுங்கள்; சுண்டுவிரல் நீளத்துக்குக் குறைந்ததும் எறிந்துவிடுங்கள். ஹனிசக்கிளில் மரக்கட்டை மட்டுமே பொம்மைக்கு உரியது. அதன் பழங்கள் நச்சுத்தன்மை உள்ளவை. வலேரியன் வேரின் வாடை மனிதருக்குப் பிடிக்காது, துவைக்காத காலுறையின் நாற்றம் அது. அதைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து எடுத்துக் கொடுக்கலாம்.

குப்பைமேனியைப் பிடுங்கினால் அதன் வேரை நோக்கிப் பூனைகள் ஓடிவருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. பூனை விரும்புகிறது என்பதாலேயே அதைக் காய வைத்துப் பொம்மைக்குள் அடைப்பது சரியாகாது. அந்தச் செடியில் சயனைடை வெளிவிடக் கூடிய சேர்மம் இருக்கிறது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள மனிதர்களில் சிவப்பணுக்களைச் சிதைத்ததும் பதிவாகியுள்ளது. பூனையின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனேற்றத்தால் எளிதில் கெடுபவை. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாததற்குக் காரணமும் அதுதான். தோட்டத்தில் தானாக முகர்ந்துவிட்டுப் போகும் பூனையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நாமாக எடுத்துக் கொடுப்பதுதான் கூடாது.

எக்காரணத்தாலும் வேண்டாதவை

பொம்மைக்கு மணமூட்ட நறுமண எண்ணெய் தெளித்திருந்தால் அதை வாங்காதீர்கள். பல தாவர எண்ணெய்களில் உள்ள பீனால் வகைப் பொருள்களைக் கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு. நமக்கும் நாய்க்கும் சில மணி நேரத்தில் வெளியேறுவது பூனையின் உடலில் தங்கிவிடுகிறது. டீ ட்ரீ, யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ‘செறிவூட்டிய கேட்னிப் எண்ணெய்’ என்பதைவிடக் காய்ந்த இலையே எனக்கு உகந்தது. கேட்னிப்புக்குப் பதிலாக வீட்டுப் புதினாவை அடைப்பதும் பயன் தராது. அதிகம் தின்றால் வயிற்றைக் கெடுக்கும்.

பூக்களை ஒட்டி அலங்கரித்தவற்றில் லில்லி இருக்கவே கூடாது. லில்லியின் இதழ், இலை, மகரந்தம், பூ வைத்த நீர் என எது சிறிதளவு உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். வீட்டில் பொம்மை செய்யக் குச்சி தேடுபவர்கள் அரளி, எருக்கு, செர்ரி, பீச் ஆகியவற்றின் கிளைகளையும் சைக்கஸ் ஓலையையும் தொட வேண்டாம். எந்த மரம் என்று தெரியாத குச்சியும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே.

வீட்டிலேயே ஒன்று செய்வதென்றால்

பூனை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் உதைப்பதற்கு ஒரு நீளப் பொம்மை இருந்தால் பல நாள் பொழுதுபோகும். சாயமில்லாத கெட்டிப் பருத்தித் துணியை முதலில் ஒருமுறை வாசனையற்ற சோப்பில் துவைத்துக் காய வைக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டை நீளவாக்கில் மடித்து, ஒரு குறுகிய பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஓரங்களைப் பொடித் தையலாக இரண்டு வரிசை தைத்து, உள்வெளியாகத் திருப்ப வேண்டும். முதலில் பீர்க்கங்கூட்டுத் துண்டு ஒன்று, அதைச் சுற்றித் துணி நறுக்குகள், நடுவில் சிறு துணிப்பையில் கட்டிய இரண்டு தேக்கரண்டி காய்ந்த கேட்னிப் என்று இறுக்கமாக அடைத்து, வாயை உள்மடித்துத் தைத்து, முடிச்சைத் துணிக்குள் இழுத்து நூலை ஒட்ட நறுக்கிவிட வேண்டும். இலையைத் தனிப்பையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மணம் குறைந்ததும் அதை மட்டும் மாற்றலாம். பொம்மை கிழிந்தாலும் இலைத்தூள் வீடெங்கும் கொட்டாது.

பயன்படுத்தும்போது

முதல் நாள் பொம்மையைக் கொடுத்துவிட்டு அருகிலேயே இருங்கள். சில பூனைகள் நக்கும், சில உதைக்கும், சில உட்கார்ந்து முறையாகத் துண்டுதுண்டாக்கித் தின்னும். மூன்றாம் வகைப் பூனைக்கு நார்ப் பொம்மைகளைத் தனியாக விட்டுவைக்கவே கூடாது. துணிப் பொம்மையைக்கூட நம் கண்முன்தான் கொடுக்க வேண்டும். பல் முளைக்கும் குட்டிகளும் இப்படியே. கேட்னிப் போன்ற மணப்பொருள்களை வாரத்துக்கு ஓரிரு முறை கொடுத்தால் ஆர்வம் குன்றாது. சினையாக இருக்கும் பூனைக்கும் வலிப்பு வரும் பூனைக்கும் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், மணப் பொம்மையைத் தனித்தனி அறையில் கொடுத்துப் பாருங்கள். சில பூனைகளுக்கு அந்த நேரத்தில் முரட்டுத்தனம் வந்துவிடும்.

வாரம் ஒருமுறை பொம்மையை வெளிச்சத்தில் பிடித்துத் தையலையும் முனைகளையும் பாருங்கள். ஒரு துண்டு குறைந்திருந்து அது தரையில் எங்கும் கிடைக்கவில்லையென்றால், பூனை விழுங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுத்தல், மலம் வராமை, சோர்ந்து ஒளிந்துகொள்ளுதல், எச்சில் வடிதல், தள்ளாடுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உப்போ வேறு எதுவோ கொடுத்து வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. கிழிந்த பொம்மையின் மிச்சத்தையும் உறையையும் கையோடு எடுத்துச் சென்றால், விழுங்கியது என்ன பொருள், எவ்வளவு நீளம் என்று மருத்துவர் உடனே கணிக்க முடியும். நார் வகைகளில் பல எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாதவை.